விழாவும் விற்பனையும்: கம்பம் பள்ளத்தாக்குச் சிறுவணிகர் வரலாறு

மேற்கே ஏலமலைத் தொடர், கிழக்கே மேகமலையும் வருசநாட்டு மலைகளும், இடையே முல்லையாறு. கூடலூரில் தொடங்கிக் கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர், வீரபாண்டி எனத் தேனி வரை நீளும் இப்பள்ளத்தாக்கில் கடை வைத்திருப்போர்க்கு இரண்டு பஞ்சாங்கங்கள் உண்டு. ஒன்று, கல்லாப் பெட்டிக்கு மேலே சுவரில் தொங்குவது. மற்றொன்று, நாளிதழின் ஓரத்தில் இரண்டு வரிகளில் வெளிவரும் பெரியாறு அணையின் நீர்மட்டம். தீபாவளி எந்நாளில் வருகின்றது என்பதை முதற் பஞ்சாங்கம் சொல்லும். அந்தத் தீபாவளியன்று மக்கள் கையில் பணம் இருக்குமா என்பதை இரண்டாவது பஞ்சாங்கமே சொல்லும்.

விழாக்கால விற்பனை என்றவுடன் விளம்பரமும் தள்ளுபடியும் நினைவுக்கு வருவது இக்கால இயல்பு. இப்பள்ளத்தாக்கின் சிறுவணிகரோ அவற்றை வரிசையின் கடைசியில் வைத்தனர். முதலில் தண்ணீர், பிறகு அறுவடை, பிறகு கூலி, பிறகு பழைய பாக்கி தீர்தல், அதன் பின்னரே புதுத்துணி. இந்த வரிசையை அறிந்து நடந்த கடைகள் தலைமுறை கடந்து நின்றன. அறியாதவை, எவ்வளவு பெரிய பந்தல் போட்டாலும், மறு ஆண்டு இல்லை. அந்த வரிசை எவ்வாறு உருவாயிற்று, இன்று யார் கையில் அது மாறிக்கொண்டிருக்கின்றது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

விழாக் கூட்டத்தை நோக்கிக் கடை விரிப்பது நம் நாட்டில் நேற்றுத் தோன்றிய பழக்கம் அன்று. மதுரைக்காஞ்சி காட்டும் மதுரையில் பகற்கடைகளாகிய நாளங்காடியும் இரவுக் கடைகளாகிய அல்லங்காடியும் இருந்தன. அத்தெருக்களில் பறந்த கொடிகளை அப்புலவர் வகைப்படுத்திச் சொல்கின்றார். தெய்வத்துக்கு விழா எடுத்தபோது ஏற்றிய கொடியும் கள் விற்கும் இடத்தைக் காட்டும் கொடியும் ஒரே வீதியில் அசைந்தன. விழாவும் விற்பனையும் அடுத்தடுத்து நிற்பதில் அன்றைய மக்கள் முரண் ஏதும் கண்டதாகத் தெரியவில்லை.

இதனினும் நுட்பமான செய்தி சிலப்பதிகாரத்தின் ஊர்காண் காதையில் உள்ளது. கோவலன் மதுரையின் வீதிகளைச் சுற்றி வருகின்றான். பொற்கடை வீதியில் சாதரூபம், கிளிச்சிறை, ஆடகம், சாம்பூநதம் என்னும் நால்வகைப் பொன்னும் விற்கப்படுகின்றன. எவ்வகைப் பொன் எங்கே கிடைக்கும் என்று வாங்க வருவோர் மயங்காதிருக்க, அங்கே கொடிகள் கட்டப்பட்டிருந்தன. இக்கொடி வாடிக்கையாளரைக் கூவி அழைப்பதற்கு உரியதன்று. அவருடைய ஐயத்தை நீக்குவதற்கு உரியது. விளம்பரம் என்னும் சொல்லுக்கு நான் அறிந்தவற்றுள் மிகச் சிறந்த இலக்கணம் இதுவே. ஹால்மார்க் முத்திரையைப் பெரிதாகப் பேசும் நம் காலத்தவர் அக்கொடியை ஒருமுறை நினைத்துப் பார்க்கலாம்.

சிலம்பை இங்கே எடுத்துக்கொண்டதற்கு மற்றொரு காரணமும் உண்டு. அக்காப்பியத் தலைவியின் கோயில் இப்பள்ளத்தாக்கின் மேல்விளிம்பில், தமிழக-கேரள எல்லை மலையில் இருக்கின்றது. ஆண்டுக்கு ஒரு நாள், சித்திரை முழுநிலவன்று மட்டும், மக்கள் அங்கே செல்ல இயலும். குமுளியிலிருந்து ஜீப்பிலும் பளியன்குடியிலிருந்து கால்நடையாகவும் ஏறிச் செல்வர். காட்டுக்குள் கடை வைத்தற்கு இடமில்லை. ஆதலால் அந்த ஒரு நாளின் வணிகம் முழுவதும் அடிவாரத்திலேயே, மலையேறுவதற்கு முந்திய நாளிலேயே முடிந்துவிடும்.

மதுரையையும் சேர நாட்டுக் கடற்கரையையும் இணைத்த பழைய வணிக வழிகளுள் ஒன்று இப்பள்ளத்தாக்கின் ஊடே சென்றது என்பது அறிஞர் கருத்து. மிளகு இறங்கிய வழி இது. அவ்வழியின் கீழ்முனையில், மதுரையைச் சூழ்ந்த குன்றுகளில், சமண முனிவர்க்குக் கற்படுக்கை அமைத்துக் கொடுத்தோரின் பெயர்கள் தமிழி எழுத்தில் வெட்டப்பட்டுள்ளன. அழகர்மலையில் உப்பு வணிகன், கொழு வணிகன், அறுவை வணிகன், பொற்கொல்லன் எனப் பலரைக் காண்கின்றோம். ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த இவர்கள் அரசரல்லர். உப்பும் ஏர்க்கொழுவும் துணியும் விற்றோர். மாங்குளத்துக் கல்வெட்டிலோ வெள்ளறை என்னும் ஊரின் வணிகர் குழுவே, நிகமம் என்னும் பெயரோடு, கொடையாளியாக நிற்கின்றது. பள்ளத்தாக்கின் உள்ளேயும் உத்தமபாளையத்துக் கருப்பணசாமி குன்றில் தீர்த்தங்கரர் திருவுருவங்களும் வட்டெழுத்துக் கல்வெட்டுகளும் உள்ளன. அச்சணந்தி முனிவரின் பெயர் அவற்றுள் ஒன்றில் காணப்படுகின்றது. இவை 9, 10ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்தவை.

கற்படுக்கை செய்தளித்த உப்பு வணிகன், தன் பெயரோடு தன் தொழிலையும் சேர்த்து வெட்டுவித்தான் என்பது எண்ணத்தக்கது. அதனை விளம்பரம் என்று சொன்னால் பிழையாகும். முற்றிலும் அன்று என்று சொல்லவும் மனம் ஒப்பவில்லை. கோயிற் குழல்விளக்கில் வெளிச்சத்தை மறைக்கும் அளவுக்கு உபயதாரர் பெயரை எழுதுவதைக் கண்டு நாம் நகைக்கின்றோம். அப்பழக்கத்தின் வேர் மிக ஆழமானது. இம்மலரின் பின்பக்கங்களைப் புரட்டுவோர் அங்கே நகைக்கடை, பாத்திரக்கடை, அச்சகம், மருந்துக்கடை ஆகியவற்றின் நல்வாழ்த்துகளைக் காண்பர். அப்பக்கத்தைப் பார்த்துவிட்டு ஒருவர் கடைக்குப் போவார் என்று கணக்கிட்டு எந்த வணிகரும் அதற்குப் பணம் தருவதில்லை. ஊர் ஒன்று கூடும் நாளில் தம் பெயரும் அங்கே இருக்கவேண்டும் என்பதற்காகவே தருகின்றனர்.

இனி, இன்றைய வணிகத்துக்கு அடித்தளமான நீரின் கதைக்கு வருவோம். திருவிதாங்கூர் அரசோடு 1886ஆம் ஆண்டு அக்டோபர் 29 அன்று ஒப்பந்தம் ஏற்பட்டது. பொறியாளர் ஜான் பென்னிகுயிக் கட்டிய பெரியாறு அணை 1895ஆம் ஆண்டு அக்டோபரில் திறக்கப்பட்டது. மேற்கே ஓடிய ஆற்று நீர் மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே கிழக்கே திரும்பிற்று. லோயர்கேம்ப் முதல் பழனிசெட்டிபட்டி வரை 14,707 ஏக்கர் நிலம் இரு போகம் விளையும் வயலாக உள்ளது. நீர் போதுமான ஆண்டுகளில் முதற்போகத்துக்கு ஜூன் முதல் நாள் மதகு திறப்பது வழக்கம்.

வணிகர் கண்ணால் இத்தேதியைப் பார்க்கவேண்டும். ஜூன் தொடக்கத்தில் தண்ணீர் வந்தால் நாற்றங்கால் உடனே தயாராகும். புரட்டாசி பிற்பகுதியில் அறுவடை தொடங்கும். ஐப்பசித் தீபாவளிக்கு நெல் விற்ற பணமும் அறுத்த கூலியும் கைக்கு வரும். மதகு திறப்பது ஒரு மாதம் தள்ளிப்போனால் தீபாவளியன்று நெல் வயலில் பச்சையாக நிற்கும். அவ்வாண்டுத் தீபாவளி கடனில் நடக்கும். பணம் கார்த்திகையில் வரும். இரண்டாம் போகம் மாசி, பங்குனியில் வீடு சேரும். அதனை அடுத்து வருவது வீரபாண்டித் திருவிழா. பருவமழை பொய்த்தோ அணையின் மட்டம் உயராமலோ போகும் ஆண்டில், ஜவுளிக்கடைக்காரர் ஈரோட்டுக்குக் கொள்முதலுக்குப் போகும் முன்பே தம் கொள்முதலைப் பாதியாக்கிவிடுவார். இதனை எந்த வணிகக் கல்லூரியும் அவருக்குக் கற்பிக்கவில்லை.

நெல்லோடு ஏலக்காயும் சேர்ந்து இவ்வரிசையைச் செழுமைப்படுத்திற்று. எல்லைக்கு அப்பால் உள்ள இடுக்கி மலைத் தோட்டங்களுக்குப் போடி, தேவாரம், கோம்பை, கம்பம் பகுதிகளிலிருந்து தொழிலாளர் நாள்தோறும் ஜீப்புகளில் ஏறிச் செல்கின்றனர். ஆவணி முதல் மாசி வரை காய் பறிப்புக் காலம். காய் கீழே இறங்கிப் போடியில் ஏலத்துக்கு வரும். தேனி நகரத்திலோ பஞ்சாலைகளும் கமிஷன் மண்டிகளும் வாரச்சந்தையும் வளர்ந்தன. 1928இல் மதுரையிலிருந்து போடிநாயக்கனூர் வரை ரயில் பாதை திறக்கப்பட்டதும், மலைப்பொருள் வெளியேறவும் வெளிச்சரக்கு உள்ளே வரவும் வழி எளிதாயிற்று. 1997 ஜனவரி முதல் நாள் தேனி தனி மாவட்டமாகியபோது, அலுவலர் குடும்பங்களும் மாதச் சம்பளமும் வந்து சேர்ந்தன. நீரையும் அறுவடையையும் சாராத தீபாவளி போனஸ் இந்நகருக்கு அறிமுகமானது அதன் பின்னரே எனலாம்.

தீபாவளியும் பொங்கலும் எல்லா ஊர்க்கும் உரியவை. பள்ளத்தாக்குக்கே உரிய விழாப் பருவங்கள் வேறு மூன்று உண்டு.

முதலாவது வீரபாண்டி கௌமாரியம்மன் சித்திரைத் திருவிழா. எட்டு நாள் விழா. இரவும் பகலும் ஓயாத கூட்டம். தீச்சட்டி எடுப்போரும் முல்லையாற்றில் நீராடுவோரும் கிராமம் கிராமமாக வந்து குவிவர். ராட்டினத்துக்கும் கடைகளுக்கும் இடம் ஏலம் விடப்படும். வளையல், பொம்மை, அல்வா, சேவு, அரிவாள்மனை, இரும்புச் சட்டி, பாய் ஆகியவற்றை விற்போர்க்கு ஆண்டு வருமானத்தில் பெரும்பகுதி இந்த எட்டு இரவுகளில் கிடைக்கும். இங்கே எழுத்து விளம்பரம் செல்லாது. வெங்காய வடையின் மணமும் வளையற்காரரின் குரலும் பெட்ரோமாக்ஸ் விளக்கின் ஒளியுமே அக்காலத்து விளம்பரங்கள். இன்று விளக்கு மாறியிருக்கின்றது, ஒலிபெருக்கி வந்திருக்கின்றது. வீரபாண்டியில் வாங்கியது என்னும் பெயருக்காகவே வீட்டில் ஓர் இரும்புச் சட்டி இருக்கும்.

இரண்டாவது ஓணம். இது நாம் கொண்டாடும் விழா அன்று. நாம் விளைவித்துக் கொடுக்கும் விழா. ஆவணியில் சீலையம்பட்டிப் பூச்சந்தையில் செண்டுமல்லியும் வாடாமல்லியும் செவ்வந்தியும் மலையாள நாட்டு அத்தப்பூக் கோலத்துக்காக மூட்டை மூட்டையாக ஏறும். சின்னமனூர் வாழையும் கம்பம் பகுதிக் காய்கறிகளும் குமுளி வழியாகவும் கம்பம்மெட்டு வழியாகவும் மலையேறும். அடுத்த மாநிலத்தின் பஞ்சாங்கத்தைப் பார்த்துத் தம் தோட்டத்தில் நாற்று நடும் உழவர் இங்கே உள்ளனர். சந்தைப்படுத்தல் என்னும் சொல்லை அவர்கள் கேட்டிருக்க வேண்டியதில்லை. வாங்குவோன் வாசலில் என்று கோலம் போடுவான் என்பதை அறிந்திருந்தனர்.

மூன்றாவது, கார்த்திகை முதல் தை வரையிலான ஐயப்ப பக்தர் பருவம். ஆந்திரம், கருநாடகம், தமிழகத்தின் பிற பகுதிகள் ஆகியவற்றிலிருந்து வரும் ஊர்திகள் தேனி, கம்பம் வழியே சபரிமலைக்குச் செல்லும். நெரிசல் மிகும் நாள்களில் போகும் ஊர்திகளைக் கம்பம்மெட்டு வழியாகவும் திரும்பும் ஊர்திகளைக் குமுளி வழியாகவும் விடுவர். போகும்போது பக்தர் எதுவும் வாங்குவதில்லை. திரும்பும்போதுதான் நேந்திரங்காய் வறுவலும் ஏலக்காயும் மிளகும் வாங்குவர். ஆகவே எந்தச் சாலை திரும்பும் சாலை என்பதே ஒரு சிறுகடையின் பருவத்தை முடிவுசெய்யும். இப்பருவத்தில் மட்டும் தெலுங்கிலும் கன்னடத்திலும் எழுதிய பலகைகளைச் சாலையோரத்தில் காணலாம்.

இவ்வளவு பருவங்களிலும் கடை தாங்கி நின்றது எதனால்? கடனால் என்பதே விடை. பலசரக்குக் கடையிலும் ஜவுளிக் கடையிலும் ஒவ்வொரு குடும்பத்துக்கும் பேரேட்டில் ஒரு பக்கம் இருந்தது. ஆடி, ஆவணியில் வீட்டில் நெல் இராது, வேலையும் குறைவு. அப்போது அரிசியும் பருப்பும் எண்ணெயும் பற்றில் போகும். அறுவடை முடிந்ததும் குடும்பத்தலைவர் வந்து பாக்கியை நேர்செய்வார். நேர்செய்த கையோடு தீபாவளிச் சரக்கு வாங்குவார். ஆடியில் அரை மூட்டை அரிசியைக் கடனாகத் தந்த கடையை விட்டு ஐப்பசியில் வேறு கடைக்குப் போவது மானக்கேடாகக் கருதப்பட்டது. தீபாவளி விளம்பரம் ஐப்பசியில் அச்சிடப்படவில்லை. ஆடியிலேயே பேரேட்டில் எழுதப்பட்டுவிட்டது.

இம்முறையைப் பொற்காலம் போல் வருணிப்பது நேர்மையாகாது. வட்டி விலையில் ஒளிந்திருந்த கடைகளும் உண்டு. எழுத்தறியாத உழவரின் பக்கத்தில் இல்லாத பற்று ஏறியதும் உண்டு. அளவும் நிறையும் பிசகுவதைக் களவின் வகையாகவே அறநூல்கள் வைத்துள்ளன. தத்துவார்த்த சூத்திரம் கள்ளாமை நோன்பின் குற்றங்களாக எண்ணும் ஐந்தனுள், கொள்ளும் அளவையும் கொடுக்கும் அளவையும் வேறாக்குதல் ஒன்று. நல்ல சரக்கில் போலியைக் கலந்து விற்றல் மற்றொன்று. பட்டினப்பாலையும் காவிரிப்பூம்பட்டினத்து வணிகரைப் புகழும்போது, மிகுதியாகக் கொள்ளாமையையும் குறைவாகக் கொடாமையையுமே எடுத்துப் போற்றுகின்றது. இருவேறு நெறிகளிலிருந்து ஒரே குற்றத்தைச் சுட்டியிருக்கின்றனர் என்றால், அக்குற்றம் எவ்வளவு பரவலாக நடந்திருக்கவேண்டும் என்பதை ஊகித்துக்கொள்ளலாம்.

பேரேட்டுக்கு வெளியே இருந்த விளம்பர வகைகள் எளியவை. தண்டோரா, மாட்டுவண்டியில் கட்டிய ஒலிபெருக்கி, சினிமாக் கொட்டகையில் இடைவேளையின்போது காட்டப்பட்ட கண்ணாடிச் சிலேடு, சுண்ணாம்புச் சுவரில் காவியால் எழுதிய கடைப்பெயர். இளஞ்சிவப்பு, மஞ்சள் நிற நோட்டீசுகளை வண்டியிலிருந்து வீசிச் செல்வர். பிள்ளைகள் பின்னால் ஓடிப் பொறுக்குவர். நான் ஆசிரியப் பணி செய்த நாள்களில், ஐப்பசி மாதத்தில் மாணவர் கணக்குப் போட்டுப் பார்க்கும் தாளைத் திருப்பினால் ஏதேனும் ஒரு ஜவுளிக்கடையின் பெயர் இருக்கும். காகிதம் வாங்க இயலாத வீட்டுக்கு அந்நோட்டீசு செய்த உதவி, அச்சிட்ட கடைக்காரர் எண்ணியிராதது.

இவையனைத்தினும் நீடித்து உழைத்தவை இரண்டு: மஞ்சள் பையும் நாட்காட்டியும். துணிக்கடை கொடுத்த மஞ்சள் பை, பத்திரிகை வைக்கவும் பத்திரம் வைக்கவும் சந்தைக்குப் போகவும் கிழியும் வரை உழைத்தது. பிறகு அது பட்டிக்காட்டு அடையாளம் என எள்ளப்பட்டது. 2019 ஜனவரியில் ஒருமுறை பயன்படும் நெகிழிக்குத் தமிழகத்தில் தடை வந்தது. 2021 டிசம்பரில் மீண்டும் மஞ்சப்பை என அரசே இயக்கம் தொடங்கிற்று. எள்ளியவர்களே இன்று விலை கொடுத்து வாங்குகின்றனர்.

நாட்காட்டியின் கதை சிவகாசியில் தொடங்குகின்றது. 1920களில் தீப்பெட்டித் தொழிலைக் கல்கத்தாவில் கற்று வந்து தொடங்கிய ஊர் அது. தீப்பெட்டிக்கு ஒட்டும் முகப்புத்தாளுக்காக அச்சுத்தொழில் வளர்ந்தது. இன்றும் அடுத்த ஆண்டு நாட்காட்டிகளின் மாதிரித் தொகுப்பை ஆடிப்பெருக்கன்று வெளியிடுவது அங்குள்ளோர் வழக்கம். தொகுப்போடு முகவர்கள் ஊர் ஊராக வருவர். கம்பத்துக் கடைக்காரர் அதனைப் புரட்டும் விதமே தனி. இந்துக்களுக்கு முருகனும் இலக்குமியும், கம்பம், உத்தமபாளையத்து இசுலாமியர்க்கு மக்கா, இராயப்பன்பட்டிக் கிறித்தவர்க்கு வேளாங்கண்ணி மாதா, யார்க்கும் பொருந்த ஓர் அருவிக்காட்சி எனத் தம் பேரேட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எண்ணிக்கை எழுதுவார். ஆண்டுப் பிறப்பன்று தமக்கு நாட்காட்டி கிடைத்ததா என்பதை மக்கள் ஒரு மதிப்பாகவே கொள்வர். கிடைக்காத வீட்டார், கணக்கை அடுத்த கடைக்கு மாற்றியதும் உண்டு. தீபாவளி, பொங்கல், பங்குனி உத்திரம், ரம்ஜான், பெரிய வெள்ளி அனைத்தும் குறித்த தாளின் மேலே கடைப்பெயர் நிற்கும். 365 நாளும் அவ்வீட்டார் கண்ணில் படும் விளம்பரத்துக்கு இணையாக இன்னும் எதுவும் வரவில்லை.

தீபாவளிச் சீட்டு என்னும் பண்டு முறையும் சிறுகடைகள் கண்ட வழியே. வாரந்தோறும் சிறுதொகை கட்டிவந்தால் தீபாவளிக்கு இனிப்பு, பட்டாசு, மளிகை, ஒரு பாத்திரம் ஆகியவை வீட்டுக்கு வரும். பேரேட்டில் கடை குடும்பத்தை நம்பிற்று. சீட்டிலோ குடும்பம் கடையை நம்புகின்றது. நம்பிக்கையின் திசை தலைகீழாகிவிட்டது. தெரிந்த தெருவின் தெரிந்த கடைக்காரர் நடத்தியவரை இதில் பெரிய இடர் இல்லை. எங்கிருந்தோ வந்து அலுவலகம் திறந்து, மும்மடங்கு பொருள் தருவதாகச் சொல்லி, ஐப்பசி பிறக்கும் முன் பூட்டிச் சென்றவர்கள் தமிழகத்தின் பல ஊர்களில் தோன்றிய பின்னரே இடர் புரிந்தது. முறைப்படுத்தப்படாத வைப்புத் திட்டங்களைத் தடைசெய்யும் நடுவணரசின் சட்டம் 2019இல் வந்தது. சட்டம் நல்லதே, ஆயினும் ஏமாந்த பெண்கள் இழந்தது பணத்தோடு அவ்வாண்டுப் பண்டிகையையும் அன்றோ?

விளம்பரத்துக்கும் தள்ளுபடிக்கும் அப்பாற்பட்ட ஆற்றல் ஒன்று இப்பள்ளத்தாக்கின் வணிகத்தை ஆள்கின்றது என்பதை 2011 டிசம்பர் காட்டிற்று. அணைச் சிக்கல் முற்றி, பள்ளத்தாக்கு மக்கள் ஆயிரக்கணக்கில் குமுளி நோக்கித் திரண்டனர். தடையுத்தரவு வந்தது. குமுளிச் சாலை அடைபட்டது. ஐயப்ப பக்தர்கள் வேறு வழிகளில் திருப்பிவிடப்பட்டனர். மலைத்தோட்ட வேலைக்குச் சென்றோர் அஞ்சித் திரும்பினர். கிறித்துமசுக்காகக் கேரளம் செல்லவேண்டிய காய்கறி தேங்கிற்று. வறுவற்கடை, பூக்கடை, ஜவுளிக்கடை எல்லாவற்றுக்கும் ஒரே நேரத்தில் பருவம் தவறியது. எனினும் கடையடைப்புகளுக்கு வணிகர் மனமுவந்து துணை நின்றனர். ஒரு பருவத்தின் விற்பனை போனால் அடுத்த பருவத்தில் ஈட்டலாம். தண்ணீர் போனால் பருவமே இல்லை என்பது அவர்கள் கணக்கு. 2014 மே 7 அன்று உச்சநீதிமன்றத் தீர்ப்பு வந்து, அவ்வாண்டு நவம்பரில் அணை நீர் 142 அடியைத் தொட்டபோது இப்பகுதியில் இனிப்பு வழங்கிக் கொண்டாடினர். பஞ்சாங்கத்தில் இல்லாத விழா அது. பென்னிகுயிக் பிறந்த ஜனவரி 15 பொங்கலோடு இயைந்து வருவதால், பாலார்பட்டி போன்ற ஊர்களில் அவர் படத்தின் முன் பொங்கல் வைக்கின்றனர். லோயர்கேம்பில் அவருக்கு 2013இல் மணிமண்டபமும் திறக்கப்பட்டது. பள்ளத்தாக்கின் எத்தனையோ சிறுகடைகள் அவர் பெயரைத் தாங்கி நிற்கின்றன. வாடிக்கையாளரின் நன்றியைத் தன் பெயர்ப்பலகையில் எழுதிக்கொள்ளும் இவ்விளம்பரத்தை எந்த நிறுவனமும் வெளியிலிருந்து கற்பிக்க இயலாது.

வெளியிலிருந்து வந்த பருவங்களும் உள்ளன. அவற்றுள் நம் வாசகர் கருத்தில் கொள்ளவேண்டியது அட்சய திருதியை. முதல் தீர்த்தங்கரராகிய ஆதிநாதர் நெடுங்காலம் உணவின்றி இருந்து, அத்தினாபுரத்தில் சிரேயாம்சன் அளித்த கரும்புச் சாற்றைக் கையேந்திப் பருகி நோன்பு முடித்த நாள் அது. கொடுத்தவனின் நாள். அந்நாளில் ஒரு குன்றிமணிப் பொன்னாவது வாங்கவேண்டும் என்னும் எண்ணம் தமிழகமெங்கும் பரவியது அண்மைக்காலத்தில், பெரும்பாலும் விளம்பரத்தின் வலிமையால். இதில் சிறிய நகைக்கடைகளும் பயன்பெற்றன என்பதை மறுக்கவியலாது. ஆனால் நெல்லும் ஏலக்காயும் விலைபோகாத ஆண்டிலும் அந்த நாள் வந்து நிற்கின்றது; அடகு வைத்த நகையை மீட்காமல் புதுநகை வாங்குவோரைக் காண்கின்றோம். பள்ளத்தாக்கின் நீரைப் பாராமல் வகுக்கப்பட்ட பருவம் என்பதே இதன் குறை. ஆடித் தள்ளுபடி அப்படிப்பட்டதன்று. மணவினை நடவாத, கையில் காசில்லாத மாதத்தில் தேங்கிய சரக்கைக் கழிக்க வணிகர் கண்ட வழி அது. வாங்குவோர்க்கும் விற்போர்க்கும் ஒத்த நியாயம் அதில் உண்டு.

இன்று வரிசை மாறிக்கொண்டிருக்கின்றது. 2010 இறுதியில் அகலப்பாதைப் பணிக்காக நிறுத்தப்பட்ட ரயில், 2022 மே 26 முதல் தேனிக்கும் 2023 ஜூன் 15 முதல் போடிக்கும் மீண்டும் வந்தது. மதுரைப் பெருங்கடைகள் இன்னும் அருகில் வந்துவிட்டன. கைபேசியில் பார்த்த சேலை மூன்றாம் நாள் வீட்டு வாசலில் இறங்குகின்றது. அவர்களுடைய விழாக்கால விற்பனை ஆண்டுதோறும் புரட்டாசியிலேயே தொடங்கிவிடுகின்றது. அப்போது இங்கே அரிவாள் வயலில் இறங்கியிருக்காது. மாதச் சம்பளக்காரர் வாங்கி முடித்துவிடுகின்றனர். உழவரும் தோட்டத் தொழிலாளரும் மட்டுமே சிறுகடைக்கு எஞ்சுகின்றனர். பேரேடும் சுருங்கிவிட்டது. ஜி.எஸ்.டி. கணக்கும் மொத்த வணிகரின் ரொக்க வற்புறுத்தலும் பற்று எழுதும் கையைக் கட்டிவிட்டன. ஆடியில் கடன் தர இயலாத கடை, ஐப்பசியில் உரிமையோடு வாடிக்கையாளரை எதிர்பார்ப்பது எங்ஙனம்?

சில கடைகள் வழி கண்டுள்ளன. புதுச்சரக்கின் படத்தை வாட்சப் நிலையில் விலையோடு வைக்கின்றனர். விலையை மறைக்காமல் எழுதுவோர்க்கே மறுமொழி வருகின்றது என்பதை அவர்களும் கண்டுகொண்டனர்; பொற்கடை வீதிக் கொடியின் வேலையை அப்படம் செய்கின்றது. கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்த பின்னர், சாலையோரப் பழக்கடைகளும் அப்பெயரைப் பலகையில் எழுதத் தொடங்கியுள்ளன. தைத்த சட்டை அளவு பொருந்தாவிட்டால் தீபாவளி கழிந்தும் மாற்றித் தருகின்றனர். தீபாவளிக்கு முந்திய இரவில் போடியிலும் தேவாரத்திலும் கம்பத்திலும் சிறிய ஜவுளிக்கடைகள் அடைப்பதில்லை. மலையில் அவ்வாரக் கூலியையும் பண்டிகைப் பணத்தையும் வாங்கிக்கொண்டு கடைசி ஜீப் இறங்கிவரப் பத்து மணிக்கு மேல் ஆகிவிடும். பிள்ளைகளின் வயதை விரல்விட்டுச் சொல்லி அளவு கேட்கும் பெண்கள், நேரே கடைக்குத்தான் வருவர். அவர்களுக்காக விளக்கு எரிந்துகொண்டிருக்கும்.